மாமாவின் கீரிப்பூச்சி வைத்தியம்

என் அக்காவுக்கு ஒரு பேக்கரிக்காரரைப் பார்த்துக் கட்டிவைத்தோம். வந்து சேர்ந்தவர் பாதி பேக்கரிக்காரர், பாதி வைத்தியர். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். மாமா இதுவரை ஒருவரையும் கொன்றதில்லை. நாலைந்து பேரைக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக ஓட விட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதிலும் முதல் ஆள் அவரேதான். தான் விழுங்கிப் பார்க்காத எதையும் அடுத்தவருக்குத் தரமாட்டார். அந்த ஒரு நேர்மைக்காகத்தான் ஏழு வருஷமாக அவர் வீட்டில் அவரைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதம் தங்கலாம் என்றுதான் அக்கா வீட்டுக்கு வந்தேன். தெருமுனை மருந்துக்கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. வீட்டில் மொத்தம் ஐந்து பேர். மாமா, முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கும் அக்கா, இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் பொடிசு, மாமாவின் அப்பா, மச்சினி நான். மாமாவின் அப்பா முப்பது வருஷம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். பொடிசு அவரைத் தபால் தாத்தா என்று கூப்பிடப்போக, எங்கள் எல்லோருக்கும் அவர் தபால் தாத்தாவாகிவிட்டார்.

மாமாவுக்கு வேலை மாவு பிசைவது. தெருவில் பால்வண்டி வருவதற்கு முன்பே போய்விடுவார். பேக்கரியில் மாவு பிசைய மெஷின் இருக்கிறது. ஆனாலும் கடைசியாகக் கை வைத்துப் பார்த்து "போதும்" என்றோ "இன்னும் கொஞ்சம் தண்ணி" என்றோ சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் மாஸ்டர். மாமா பத்தொன்பது வருஷமாக இரண்டாவது ஆள். பழைய மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டதால் மாதக் கடைசியோடு வேலையை விடப்போகிறார், அடுத்த மாஸ்டர் மாமாதான் என்று முடிவாகியிருந்தது. மாமா இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி முன் நின்று வெள்ளைத் தொப்பியை மூன்று விதமாக வைத்துப் பார்த்ததை அக்காவும் நானும் கதவிடுக்கில் பார்த்தோம்.

வைத்தியம் அவருக்கு வந்த வழி வேடிக்கையானது. சூடான ரொட்டிக்காகக் காலையில் ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கும். நிற்பவர்களுக்கு நேரம் போகவேண்டுமே, ஆளுக்கொரு வியாதி சொல்வார்கள். பின்னால் நிற்பவர் அதற்கு மருந்து சொல்வார். மாமா உள்ளிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, மைதா மூட்டைக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார். அந்தக் காகிதங்களை எங்கள் சமையலறையில் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார். வறட்டு இருமல், விக்கல், கால் ஆணி, தலைப்பேன் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஏதாவது இருக்கும். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்றும் ஓரத்தில் குறித்திருப்பார். சரியாகச் சொன்னால் பலிக்காதவைதான் அதிகம். ஒளித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, அல்லது இல்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து பொடிசின் நோட்டில் ஒரு வரி எழுதி வந்தது. பிள்ளை வகுப்பில் உட்கார முடியாமல் நெளிகிறாள், கவனிக்கவும் என்று டீச்சர் எழுதியிருந்தார். அக்கா கவனித்தாள். கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துணுக்குப் போல இருக்கும் சின்னப் புழு, பின்பக்கம் அரிப்பெடுக்க வைக்கும், பிள்ளை பெற்ற எல்லா வீட்டுக்கும் ஒருமுறையாவது விருந்தாளியாக வந்துபோகும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாமாவின் முகத்தில் வந்த களையைப் பார்க்கவேண்டுமே, பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததுபோல் கம்பியில் தொங்கிய காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

புழுவுக்கு அவரிடம் நான்கு மருந்து இருந்தது. பப்பாளி விதையை வெயிலில் காயவைத்துப் பொடித்துத் தேனில் குழைத்துத் தருவது முதல் மருந்து. தோல் நீக்கிய பூசணி விதை, வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு, வேப்பங்கொழுந்து உருண்டை என்று மற்றவை. நான்கையும் அவரே விழுங்கிப் பார்த்தார். வேப்பங்கொழுந்து அன்று முழுக்க அவரைப் பேசவிடவில்லை, அதற்கு அக்கா தனியாக நன்றி சொன்னாள். கடைசியில் பப்பாளி விதை தேர்வானது.

"எதுக்கு மாமா இந்தப் பாடு? ஒரு மாத்திரை போதும்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். எங்கள் கடையில் விற்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது, பப்பாளி விதையில் பப்பாளிதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், இதுதான் அவர் கட்சி. பொடிசு மூன்று நாள் தேனும் விதையும் நக்கினாள். ஒரு வாரம் அரிப்பு குறைந்தமாதிரி இருந்தது. மாமா காகிதத்தின் ஓரத்தில் "பலித்தது" என்று எழுதினார். அடுத்த வாரம் மறுபடி நெளிந்தாள். "பலித்தது" என்பதை அடித்துவிட்டு மறுபடி மூன்று நாள் தந்தார். மறுபடி குறைந்தது, மறுபடி வந்தது. செக்குமாடு மாதிரி இரண்டு மாதம் சுற்றினோம்.

இதற்கிடையில் பெரியவர்களான நாங்கள் பெரிய மனுஷத்தனமாக நடந்துகொண்டோம். பொடிசுக்குத் தனி டம்ளர், தனித் துண்டு, தனிப் பாய். அவள் டம்ளரில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியது நான்தான். அவளும் ஒன்றும் சொல்லாமல் அந்த டம்ளரைத் தானே கழுவித் தானே தள்ளிவைத்தாள். அதை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு, சொல்லிவிடுகிறேன். எனக்கும் இருந்தது. கடையில் குடல்புழு மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு நான் குரலைத் தாழ்த்தி ஒரு பாடம் சொல்வேன். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி போடுங்கள், நகத்தை வெட்டுங்கள், விரிப்பை வெந்நீரில் துவையுங்கள் என்று ஏழு வருஷமாக ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். எனக்கு வந்தபோது என்ன செய்தேன்? ஒரு மாத்திரையைக் கடையின் பின்னறையில் நின்று மென்று விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதத்தில் மூன்று தடவை. ஊருக்குத்தான் உபதேசம்.

பழைய மாஸ்டர் வேலையை விடவிருந்த மாதத்தின் முதல் நாளே பேக்கரி முதலாளியம்மா மாமாவைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். உணவைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். மாஸ்டர் என்று புதுப் பெயர் எழுதுவதால் பழையது செல்லாது, புதிதாக மலப் பரிசோதனை செய்யவேண்டும். மாமா சிரித்துக்கொண்டே சின்ன டப்பாவை வாங்கிப் போனார். நான்கு நாள் கழித்துத் தாள் வந்தது. குடல்புழு முட்டை இருப்பதாக அதில் எழுதியிருந்தது.

முதலாளியம்மா நல்ல மனுஷி. தாளை மடித்து மாமா கையிலேயே கொடுத்திருக்கிறார், மற்றவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதக் கடைசிக்குள் சுத்தமான தாள் வந்தால் மாஸ்டர் வேலை அவருக்கு. வராவிட்டால் வேறு பேக்கரியிலிருந்து ஒருவரை அழைத்துவருவதைத் தவிர தனக்கு வழியில்லை, அடுப்பு காத்திருக்காது என்றிருக்கிறார். அதுவரை மாவு மேஜைப் பக்கம் வரவேண்டாம், மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்று மதியம் மாமா வீட்டுக்கு வந்தபோது நான் சாப்பிட வந்திருந்தேன். வழக்கமாக அவர் முழங்கை வரை மாவு காய்ந்து வெள்ளையாக இருக்கும். அன்று கை சுத்தமாக இருந்தது, பார்க்கவே வேறு யாரோ மாதிரி இருந்தார். அரைநாள் பள்ளி முடிந்து வந்திருந்த பொடிசு ஓடிப்போய் எப்போதும்போல் தூக்கச் சொல்லி நின்றாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாம்டா கண்ணு, அப்பா கை சரியில்ல" என்றார்.

நான்கு நாள் இப்படியே போனது. கதவைக்கூட முழங்கையால் தள்ளித் திறந்தார். சாப்பிடும்போது தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார். கம்பியில் கோத்த காகிதங்களைக் கழற்றி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். பத்தொன்பது வருஷம் ஊருக்கெல்லாம் பிசைந்து போட்ட கையை அவர் அழுக்குத் துணியைப் போலத் தன்னிடமிருந்தே தள்ளிவைத்திருந்தார். அவர் வைத்தியம் தோற்றது பப்பாளியின் குற்றமில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். ஆளுக்கொரு நாள் மருந்து தின்றால் எந்த மருந்துதான் நிற்கும்?

ஐந்தாம் நாள் சாயங்காலம் எல்லோரும் மேஜையில் இருந்தோம். மாமா மட்டும் ஜன்னலோரம். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மாமா, எனக்கும் இருக்கு. ரெண்டு மாசமா இருக்கு. நான் மட்டும் மாத்திரை போட்டுக்கிட்டேன், யார்கிட்டயும் சொல்லல."

மாமா திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குள் அக்கா தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடியே, தானும் ஒரு மாதமாகக் காலையில் பூண்டு மென்றுகொண்டிருப்பதாகச் சொன்னாள். கொழுப்புக்கு நல்லது என்று எங்களிடம் அளந்திருந்தாள். அளவெடுக்க வந்த ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதையும் கொழுப்பின் கணக்கில்தான் எழுதியிருந்தோம்.

அடுத்து எல்லோர் கண்ணும் தபால் தாத்தாவிடம் போனது. முப்பது வருஷம் அடுத்தவர் கடிதத்தை ஒட்டியபடியே கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர், ரகசியம் காப்பது அவருக்குத் தொழில். கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிடி பூசணி விதையை எடுத்து மேஜையில் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சட்டைப் பையில் மறைத்து அன்றுதான் பார்த்தேன். கிளிக்குப் போடுகிறேன் என்று சொல்லித் தினமும் மொட்டை மாடிக்குப் போய்வந்தாரே, அந்தக் கிளி இதுதான்.

மாமா எழுந்து வந்தார். முதல் தடவை சோதனைக்காக விழுங்கியதோடு நானும் நிறுத்தவில்லை, பேக்கரி மாவறையில் ஒரு டப்பாவில் பப்பாளிப் பொடி வைத்திருக்கிறேன் என்றார். காகிதத்தில் குறிக்காமல் அவர் விழுங்கிய ஒரே மருந்து அதுதானாம்.

ஆக ஐந்து பேர், நான்கு மருந்து, ஐந்து வெவ்வேறு நாள். அக்காவிடமிருந்து போனது என்னிடம் வந்து, என்னிடமிருந்து போனது தாத்தாவிடம் போய், புழு எங்கள் வீட்டில் முறைவைத்து விருந்து சாப்பிட்டிருக்கிறது. அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கு. மாமா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். பொடிசு மட்டும் சிரிக்கவில்லை. விரல் விட்டு எங்களை ஒவ்வொருவராக எண்ணினாள்.

"அப்ப எனக்கு மட்டும்தான்னு இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லடா" என்றார் மாமா.

"நான்தான் அழுக்குப் பிள்ளைன்னு நினைச்சேன். அப்ப என் டம்ளரையும் உங்க டம்ளரோட வச்சிடலாமா?"

மாமா ஒரு நிமிஷம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். நான் உள்ளே போய் அந்த டம்ளரிலிருந்த சிவப்பு நூலை அறுத்தேன். அறுக்கும்போது அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை, மறைத்துப் பட்டது போதும்.

மறுநாள் காலையில் ஐந்து பேரும் கிளம்பி ஊர்வலம்போல் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்து எடை பார்த்தார். மாத்திரை தருவதற்கு முன்னால், "யாராச்சும் கர்ப்பமா இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். அக்காவும் நானும் பதில் சொல்வதற்குள் தபால் தாத்தா முந்திக்கொண்டு, "எனக்கு இல்லம்மா" என்றார். நர்ஸம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்ததில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாமா மெதுவாகப் பப்பாளி விதையைப் பற்றிக் கேட்டார். நர்ஸம்மா அவரைக் கேலி செய்யவில்லை. கொஞ்சமாகச் சாப்பிடுவதானால் சாப்பிடுங்கள், கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தரவேண்டாம், ஆனால் இந்த மாத்திரைக்குப் பதிலாக அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள் என்றார். "மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை நகத்துலயும் விரிப்புலயும் இருக்கும். அதுக்குத்தான் சோப்பும் வெந்நீரும் ரெண்டாவது மாத்திரையும்" என்று அவர் சொன்னதை மாமா, பழக்க தோஷம், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் வீடு மாறுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். தலையணை உறையிலிருந்து தபால் தாத்தாவின் கோவணம் வரை வெந்நீரில் போட்டோம். அதை அவர் ஆட்சேபித்தார், ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது. அக்கா துணி வெட்டும் கத்தரியைத் தொடவிடாமல் ஒளித்துவைத்துவிட்டு, நகவெட்டியால் ஐம்பது விரலையும் ஒட்ட வெட்டினாள். பொடிசு சோப்புக்கு அதிகாரியாக நியமிக்கப்பட்டாள். யார் கழிப்பறையிலிருந்து வந்தாலும் வாசலில் நின்று கையை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள். இரண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பினாள்.

சரியாகப் பதினைந்தாம் நாள் மறுபடி ஐந்து பேரும் மேஜையில் உட்கார்ந்து மாத்திரையை மென்றோம். மாமாவின் மனசு கோணக்கூடாது என்று அன்று ஆளுக்கு ஒரு சிட்டிகை பப்பாளிப் பொடியும் தேனில் தொட்டுக்கொண்டோம். எதனால் சரியானது என்று பின்னால் யாரும் சண்டை போடக்கூடாது என்று ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை அவர் இன்றுவரை மீறிக்கொண்டிருக்கிறார்.

பொடிசு நெளிவதை நிறுத்தினாள். மாமா மறுபடி சின்ன டப்பாவோடு போனார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. தாள் வரும்வரை அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் பேக்கரி என்ற வார்த்தையையே சொல்லவில்லை, ரொட்டியைக்கூட "அது" என்றோம். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தாள் வந்தது. ஒன்றும் இல்லை. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மெஷினில் பாதி தைத்திருந்த ரவிக்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமா தாளை வாங்கிக்கொண்டு அந்த நிமிஷமே பேக்கரிக்குப் போனார். திரும்பி வந்தபோது முழங்கை வரை மாவு இருந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மாஸ்டரான முதல் நாள் காலையில் மாமா எனக்கு ஆள் அனுப்பினார். கடையிலிருந்து குடல்புழு மாத்திரை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு வா என்று செய்தி. பெட்டியில் இருந்த அட்டைகளை எண்ணி எழுதிவைத்துவிட்டுப் போனேன்.

முதல் சுற்று ரொட்டி அடுப்புக்குள் போயிருந்தது. ஆறு வேலையாட்களும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். புது மாஸ்டர் இனிப்புத் தருவார் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது. முதலாளியம்மா அறை வாசலில் கணக்கு நோட்டோடு நின்றார். மாமா தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கு வேர்த்திருந்தது, அது அடுப்பினால் அல்ல. மூன்று வாரம் அவர் ஏன் மூட்டை இறக்கினார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இடுப்பு வலி என்று முதலாளியம்மா சொல்லிக் காப்பாற்றியிருந்தார். அந்த மானத்தை அப்படியே வைத்துக்கொண்டு அவர் காலம் முழுக்க மாஸ்டராக இருந்திருக்கலாம்.

"எனக்கு இடுப்பு வலி இல்ல. வயித்துல பூச்சி இருந்துச்சு" என்றார் மாமா. "என் பொண்ணுக்கு, என் வீட்டுக்காரிக்கு, எங்கப்பாவுக்கு, இதோ என் மச்சினிக்கு, எல்லாருக்கும் இருந்துச்சு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காம ரெண்டு மாசம் வளர்த்தோம். உங்கள்ல யார் வீட்ல இருக்கு?"

எனக்கு அங்கேயே மாவுத் தொட்டிக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏழு வருஷம் நான் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அவர் ஆறு பேர் முன்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நின்றார். ஒருவன் காலால் தரையிலிருந்த மாவைக் கூட்டினான். அடுப்புக்காரர் அடுப்பைப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில், தலையைத் திருப்பாமலேயே கையைப் பாதி தூக்கினார். தட்டுக் கழுவுகிற பெண் அடுத்து. அப்புறம் இரண்டு பேர் ஒன்றாக.

மாமா ஒவ்வொருவரிடமும் வீட்டில் எத்தனை பேர், சின்னப் பிள்ளைகள் உண்டா, யாராவது கர்ப்பமா என்று கேட்டார். சந்தேகம் உள்ளவர்களை நர்ஸம்மாவிடம் அனுப்ப ஒரு பட்டியல் போட்டார். நான் அட்டைகளை வெட்டிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோர் வீட்டிலும் மாத்திரை என்று முடிவானது. வரிசை முடிந்தது என்று பெட்டியை மூடினேன்.

முதலாளியம்மா கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மாமாவை ஒருமுறை பார்த்தார். என்னிடம் ரகசியமாகத்தான் சொல்ல வந்திருப்பார், ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"எங்க வீட்ல ஆறு பேரும்மா."